எண்பத்தாறு மார்க்கின் மர்மம்

அத்தியாயம் ஐந்து

"இந்த எண்பத்தாறு மார்க்கு நெசமா, பொய்யா? இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

துப்பறியும் உடையப்பனின் மேசைமேல் ஒரு கட்டு விடைத்தாளை வைத்துவிட்டு அந்தப் பெண் இப்படிக் கேட்டபோது காலை மணி ஒன்பதரை. அறுபத்துநாலாம் வருஷம், ஆனி மாதத்து வியாழக்கிழமை. எங்கள் ஆபீசுக்குக் கீழே பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற சத்தம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"மார்க்கு கொறைஞ்சு போச்சுன்னு அழுதுக்கிட்டு வாரவங்களப் பாத்திருக்கேன். கூடிப்போச்சுன்னு புகார் கொண்டுவந்த மொத ஆளு நீதாம்மா."

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் தப்பாக நினைத்துக்கொண்டவற்றில் அது முதலாவது.

என் பெயர் ரஹ்மத்துல்லா. பேகம்பூர்க்காரன். உடையப்பன் அண்ணனுக்கு ஐந்து வருஷமாக உதவியாள். அவர் இருபது வருஷம் கோர்ட்டில் நகல் எழுதியவர். அடுத்தவன் எழுதிய தாளைப் பார்த்தே அவன் எந்த இடத்தில் பொய் சொன்னான் என்று கண்டுபிடிக்கப் பழகி, அந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தார். பேச்சு குறைவு. அந்தக் குறையை நான்தான் நிரப்பி வந்தேன்.

வந்தவள் பெயர் சொர்ணலட்சுமி. சின்னாளபட்டி. மதுரையில் தங்கிக் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவள். கூட வந்திருந்தவர் அவளுடைய அப்பா ரங்கசாமி, தறிக்காரர். மஞ்சப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் மகளுடைய அசல் சர்ட்டிபிகேட்டுகள் இருந்தன.

"ஐயா, நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றார் ரங்கசாமி. "மெட்ராசுல புதுசா வியாபார நிர்வாகப் பள்ளிக்கூடம் ஒண்ணு தொறந்திருக்காகள்ல, அதுல சேரப் பரிட்சை எழுதப் போகுது புள்ள. டுடோரியல்ல ஆறு மாதிரிப் பரிட்சை வச்சாக. கடைசியா எண்பத்தாறு. போன வருசம் அங்க எழுபதுக்கு மேல எடுத்தவுகளத்தான் கூப்புட்டாகளாம். பெறகு என்ன சந்தேகம்? இவதான் துப்பறியிறவருகிட்ட கேட்டே ஆகணும்னு நிக்கிறா."

"அஞ்சு மணிக்கு என்ன?" என்றார் உடையப்பன்.

சொர்ணலட்சுமி சொன்னாள். "இங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில எனக்கு எடம் வந்திருக்கு சார். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அசல் சர்ட்டிபிகேட்ட ஒப்படைக்கணும். ஒப்படைச்சா வருசம் முடியிற மட்டும் திருப்பித் தர மாட்டாங்க. மெட்ராசுல பரிட்சை அடுத்த வாரம். அங்கயும் அசலக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க."

"அசல் ஒரு கட்டு, கேக்கிறது ரெண்டு பேரு," என்றேன்.

"ஆமாண்ணே. மார்க்க நம்பி இத விட்டுட்டு, அங்கயும் கெடைக்கலேன்னா ரெண்டும் போச்சு. பெறகு வீட்டுல சாயப்பானையக் கிண்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். அப்பா ஊரெல்லாம் எண்பத்தாறுன்னு சொல்லி வச்சிருக்காரு."

உடையப்பன் ஆறு விடைத்தாளையும் விரித்து, மேலே போட்டிருந்த மார்க்குகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. எழுபத்தொன்பது. ஐம்பத்தெட்டு. எண்பத்திரண்டு. எண்பத்தாறு.

"நடுவுல ஒண்ணு பள்ளத்துல விழுந்திருக்கே," என்றார். "சரிம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரு மணிக்கு டுடோரியலுக்கு வந்துருங்க. ஏலே ரஹ்மத்து, செருப்பப் போடு."

---

பொன்னுத்துரை மாஸ்டரின் டுடோரியல் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எனக்கு அந்த இடம் நன்றாகவே தெரியும், சொர்ணலட்சுமியையும் அங்கே பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எனக்குச் சில்லறை வேலை உண்டு. பகல் பன்னிரண்டுக்கு நகராட்சிச் சங்கு ஊதியதும் மாஸ்டர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு வடமதுரையில் இன்னொரு வகுப்பு எடுக்க பஸ் ஏறிவிடுவார். பிள்ளைகளைக் காவல் காப்பது, முடிவில் மணியடிப்பது, தாள்களை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது எல்லாம் நான். பிள்ளைகள் எனக்கு 'பெல் பாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அண்ணே, இதுக்குத் துப்பறியணுமா?" என்றேன் போகிற வழியில். "மாஸ்டரே கூட்டிப் போட்டிருப்பாரு. மார்க்கு ஏறுனாத்தான பிள்ளைக நிக்கும்? அடுத்த வருசம் நாலு பேரு சேருவான்."

"ஒனக்கு அவரு வேல குடுத்திருக்காரு," என்றார் உடையப்பன்.

"அதுக்காக நியாயத்த விட முடியுமாண்ணே?"

இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாக்கியத்துக்காக என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாஸ்டர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் பெட்டியைத் திறந்து மற்ற பத்துப் பிள்ளைகளின் தாள்களையும் எடுத்துப் போட்டார். நான் சும்மா இருந்தேனா? இல்லை.

"மாஸ்டர், செவப்பு மை கொஞ்சம் தாராளமா ஓடுதோ?" என்றேன் சிரித்துக்கொண்டு.

அவர் முகம் சுருங்கியது. "நான் மார்க்கக் கூட்டிப் போடுறேங்கிறியா ரஹ்மத்து?"

"நான் சொல்லல மாஸ்டர். மார்க்கு சொல்லுது."

உடையப்பன் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. சொர்ணலட்சுமியின் கடைசித் தாளை எடுத்து, விடைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூறு கேள்வியையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

"எண்பத்தாறுக்கு எண்பத்தாறு," என்றார். "ஒரு எடத்துல வெட சரி. மைலா கெஜமான்னு எழுதலேன்னு அதுக்கும் சுழி போட்டிருக்காரு. கூட்டிப் போடுற ஆளு இத விட்டுருப்பாரு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு கடிகாரம் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. ரிப்பேருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது.

ஒரு யோசனை பொய்த்தால் அடுத்ததற்குத் தாவுவது எனக்குச் சிரமமில்லை. "அப்ப கேள்வித்தாள் முன்னாடியே வெளிய போயிருக்கும்ணே. பூட்டுக்குப் பேர்போன இந்த ஊர்ல பூட்டத் தொறக்கத் தெரியாதவன் எவன் இருக்கான்?"

"கேள்வி முன்கூட்டியே தெரிஞ்ச பிள்ள மொத இருபதுலயே நாலு தப்பு விடுமா?" என்றார் உடையப்பன். "பாரு, ஆறு பரிட்சையிலயும் மொத இருபதுல நாலு, இல்ல மூணு தப்பு. ஒரே சீரா இருக்கு."

"அப்ப மூணாவது, அஞ்சாவது, ஆறாவது கேள்வித்தாளு மட்டும் லேசா இருந்திருக்கும்."

இதற்கு மாஸ்டரே பதில் சொன்னார். "போன வருசப் பிள்ளைகளுக்கும் இதே ஆறு தாளத்தான் குடுத்தேன். அப்ப கடியாரம் செவுத்துல இருந்துச்சு, நானும் கூடவே இருந்தேன். ஆறுலயும் ஐம்பதும் அறுபதுமாத்தான் வாங்கினாங்க."

உடையப்பன் அடுத்து மற்ற பத்துப் பிள்ளைகளின் மார்க்கையும் வரிசையாக எழுதினார். எழுத எழுத அவருடைய கை வேகமாயிற்று. அந்த வகுப்பில் வாழைமண்டிக்காரர் மகன் ஒருவன் உண்டு. பரிட்சையில் பாதி நேரம் தூங்குவான். அவனை எழுப்பி விடுவதும் என் வேலைதான். அவனுடைய வரிசையைச் சுட்டிக் காட்டினார். இருபத்தொன்று, இருபது, முப்பத்தெட்டு, இருபத்திரண்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று.

"ஒரு பிள்ளைக்கு மார்க்கு கூடினா அது படிப்பு. பதினோரு பிள்ளைக்கும் ஒரே ஞாயித்துக்கெழமை கூடி, ஒரே ஞாயித்துக்கெழமை கொறைஞ்சா அதுக்குப் பேரு படிப்பில்ல. தூங்குறவனுக்கும்ல கூடியிருக்கு?"

"தூக்கத்துல ஏதும் அருள் வந்திருக்கும்ணே."

"கடைசிப் பக்கத்தப் பாரு."

பார்த்தேன். முதல், இரண்டாவது, நாலாவது பரிட்சையில் யாருடைய தாளிலும் எழுபத்தைந்துக்கு மேல் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. மூன்று, ஐந்து, ஆறில் நூறாவது கேள்வி வரைக்கும் நிரம்பியிருந்தது.

"இவங்களுக்குக் கூடுனது அறிவில்ல," என்றார் உடையப்பன். "நேரம். மாஸ்டர், பரிட்சை எம்புட்டு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். பன்னெண்டுக்குச் சங்கு ஊதுனதும் ஆரம்பம். ரெண்டு மணிக்கு முடிவு. மெட்ராஸ் பரிட்சைக்கும் அதே கணக்குத்தான்."

"முடிக்கிற மணிய அடிக்கிறது யாரு?"

மாஸ்டர் பேனாவைத் துடைக்கத் தொடங்கினார். மரியாதைக்காரர்.

"நான்தாண்ணே," என்றேன்.

"எப்ப அடிப்ப?"

"கரெக்டா ரெண்டு மணிக்கு."

"செவுத்துல கடியாரம் இல்ல. ஒங்கையில வாட்சு இல்ல. ரெண்டு மணின்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். துப்பறியும் புலிக்கு இது தெரியவில்லையே என்று.

"என்னண்ணே, ரெண்டு மணி வண்டி போகுதுல்ல?"

அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பழனிப் பக்கமிருந்து வருகிற பகல் பாசஞ்சர் டுடோரியலின் பின்சுவரை ஒட்டித்தான் போகும். அது போனால் இரண்டு மணி. மூலை ஹோட்டலில் சாப்பாட்டை நிறுத்துவது, தையல்காரர் கடையை அடைத்துவிட்டுப் படுப்பது, குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறது என்று பெண்கள் குடத்தோடு ஓடுவது எல்லாம் அந்த வண்டிச் சத்தத்துக்குத்தான். யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை. 'வண்டி போயிருச்சா?' என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு வண்டி தாமதமாக வரவே வராது. வண்டி வருகிறபோதுதானே இரண்டு மணி?

என் சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடையப்பன் செருப்பை மாட்டினார்.

"வா. ஸ்டேஷனுக்குப் போவோம்."

---

ஸ்டேஷனில் உடையப்பனுக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தார், தங்கமுத்து என்று. ஆறு ஞாயிற்றுக்கிழமைத் தேதிகளைக் கொடுத்ததும் ஒரு பெரிய நோட்டைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மொதத் தேதி, ரெண்டு நிமிசம் லேட்டு. அடுத்தது, சரியான நேரம். மூணாவது நாப்பது நிமிசம். நாலாவது, சரியான நேரம். அஞ்சாவது நாப்பது. போன ஞாயித்துக்கெழம நாப்பத்தஞ்சு."

"ஏன் இப்பிடி?"

"அந்த மூணாவது தேதியிலருந்து வழியில பாலத்த மாத்திப் போடுறாங்க. வேல நடக்கிற நாளுல வண்டி மெதுவாத்தான் வரும். நாலாவது தேதிக்கு வேலையாளுகளுக்கு லீவு." கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "எதுக்குக் கேக்குறீக? யாராச்சும் வண்டிய விட்டுட்டாகளா?"

"ஆமா," என்றார் உடையப்பன். "பதினோரு பேரு."

பிளாட்பாரத்தில் நடந்து வந்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கே புதுசாக இருந்தது. ஒன்றை மட்டும் இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. வெயில் ஜன்னலைத் தாண்டி மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிட்டது. வழக்கமாக இரண்டாவது பெஞ்சில்தான் நிற்கும். நேரமாகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுந்து வெளியே போய் ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வண்டி வரட்டும் என்று காலை நீட்டிக்கொண்டேன். அந்தச் சோம்பலை நம்பித்தான் ஒரு மனிதர் ஊரெல்லாம் எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதில் மாஸ்டரை வேறு திருடனாக்கப் பார்த்தேன்.

"அண்ணே, கேஸ் முடிஞ்சிருச்சு. குத்தவாளி நான்தான்," என்றேன்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு." உடையப்பன் நின்று, மடித்து வைத்திருந்த மூன்று தாள்களை நீட்டினார். மூன்றும் சொர்ணலட்சுமியுடையவை. மூன்றாவது பரிட்சையில் எழுபத்திரண்டாம் கேள்விக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. ஐந்தாவதில் எழுபத்தைந்துக்குப் பக்கத்தில். ஆறாவதில் எழுபத்தெட்டுக்குப் பக்கத்தில்.

"ஈ எச்சமா இருக்கும்ணே."

"வண்டி லேட்டான ஞாயித்துக்கெழம மட்டும், அந்தப் பொண்ணு தாளுல மட்டும் வந்து உக்காருற ஈயா?"

எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், புரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

---

ஒரு மணிக்கு ரங்கசாமியும் சொர்ணலட்சுமியும் டுடோரியலில் இருந்தார்கள். மாஸ்டர் மூலையில் நின்றார். உடையப்பன் சுற்றி வளைக்கவில்லை.

"மாஸ்டர் வச்ச கேள்வி சரி. அவரு திருத்தினதும் சரி. ஒங்க மக எழுதினதும் அவ சொந்த அறிவுதான். ஆனா ரெண்டு மணி நேரத்துல எழுத வேண்டியத ரெண்டே முக்கா மணி நேரத்துல எழுதியிருக்காக. வண்டி வந்த பெறகுதான் மணி அடிச்சிருக்கு, வண்டி லேட்டு. அந்த எண்பத்தாற நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது."

ரங்கசாமிக்கு அது உள்ளே இறங்கச் செத்த நேரம் ஆயிற்று. இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"மணியடிச்சது நீயா தம்பி?"

"நான்தாண்ணே."

"ஒரு மணியடிக்கிற வேல. அத ஒழுங்காச் செய்ய முடியலயா ஒனக்கு? நான் நெசவாளர் சங்கத்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன்யா, எம்மக எண்பத்தாறுன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவன மட்டும் வையாதீங்க," என்றார் உடையப்பன். பிறகு அந்தப் பெண்ணிடம் மிகவும் மெதுவாகக் கேட்டார். "ரெண்டு மணி எப்ப ஆச்சுன்னு பாக்க, பென்சில் டப்பாவுக்குள்ள என்னம்மா வச்சிருந்த?"

சொர்ணலட்சுமியின் கண் உடனே நிரம்பிவிட்டது. காலையிலிருந்து அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி பதில் சொன்னாள்.

"அண்ணனோட வாட்சு சார்."

ரங்கசாமி மகளைப் பார்த்தார்.

"மூணாவது பரிட்சைக்கு, நேரம் பாத்து எழுதிப் பழகலாம்னு எடுத்துட்டு வந்தேன். ரெண்டு மணி ஆச்சு. மணி அடிக்கல. எந்திரிச்சுச் சொல்லணும்னுதான் நெனச்சேன். ஒரு கணக்கு பாதியில நின்னுச்சு, இத முடிச்சிட்டுச் சொல்லுவோம்னு முடிச்சேன். பெறகு அடுத்தது. பெறகு அதுக்கு அடுத்தது. நான் பொய் எதுவும் சொல்லல சார். சும்மாதான் இருந்தேன்."

"புள்ளி?"

"என் மார்க்கு எங்க முடியுதுன்னு எனக்காச்சும் தெரியணும்ல சார்?"

மாஸ்டர் மூலையிலிருந்து முன்னால் வந்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சொர்ணம்?"

"எழுபத்தொன்பதுன்னு கேட்டதும் அப்பா மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு. அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு வந்துச்சு. ரெண்டு நாளு அப்பா என்கூடப் பேசல. அஞ்சாவது வாரம் மறுபடியும் ரெண்டு மணி ஆகி மணி அடிக்காதப்ப…" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானா சொல்ல எனக்கு வாய் வரல. வேற யாராச்சும் கண்டுபுடிச்சுச் சொல்லட்டும்னுதான் சார் ஒங்ககிட்ட வந்தேன்."

நான் ஐந்து வருஷத்தில் எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறேன். தன்னைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லித் துப்பறிகிறவரிடம் தானே வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுக்கு வாட்ச் இருந்தது, எனக்கு ஜன்னல் வெயில் இருந்தது. இரண்டு பேருமே சும்மா இருந்தோம். அவள் புள்ளியாவது வைத்தாள்.

ரங்கசாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகளைத் திட்டவில்லை. "ரெண்டு நாளு பேசாம இருந்தது நெசந்தான்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மாஸ்டர் மூன்று தாளையும் எடுத்துப் புள்ளி வரைக்கும் இருந்த மார்க்கை மட்டும் கூட்டினார். ஐம்பத்தேழு. அறுபத்தொன்று. அறுபத்துமூன்று.

"ஏறிக்கிட்டுத்தான் இருக்கு," என்றார். "வாரா வாரம் ஏறியிருக்கு. இன்னைக்கு நெலமைக்கு எம்புட்டுன்னு சொல்ல முடியாது."

"இன்னைக்கே ஒரு பரிட்சை வைங்க சார்," என்றாள் சொர்ணலட்சுமி. "நான் பாக்காத தாளா. சரியா ரெண்டு மணி நேரம். எழுபது வந்தா மெட்ராசுக்குப் போறேன். வரலேன்னா சர்ட்டிபிகேட்ட ஒப்படைச்சிடுறேன்."

மாஸ்டரிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்த ஏழாவது தாள் ஒன்று இருந்தது. உடையப்பன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"நானாண்ணே? மாஸ்டரே அடிக்கட்டும்ணே."

"நீதான் அடிக்கணும்," என்றார்.

---

ஒன்றரைக்கு ஆரம்பம். அவள் முதல் பெஞ்சில். ரங்கசாமி கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் கடிகாரத்துக்கு எதிரே மணியோடு. இரண்டு மணி நேரம் ஒரு கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முதல் ஒரு மணி நேரம் முள் நகரவில்லை. பிறகு நிற்கவில்லை.

மூன்றேகாலுக்கு அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று நான் தூரத்திலிருந்தே எண்ணினேன். மூன்று இருபத்தைந்துக்கு நெற்றியில் வேர்த்து, கையால் துடைத்துக்கொண்டு எழுதினாள். எண்பத்திரண்டாவது கேள்வியில் ஒரு வட்டிக் கணக்கு. இரண்டு வரி போட்டிருந்தாள். முடிய இன்னும் பன்னிரண்டு நொடி, பத்து நொடி என்று முள் வந்துகொண்டிருந்தது. பின்னால் ரங்கசாமி எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் மகளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

ஐந்து நிமிஷம் தள்ளி அடித்தால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் என் முன்னால்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை முடித்து, அடுத்த இரண்டையும் போட்டுவிடுவாள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக ஒரு தப்பைச் செய்ய நினைத்ததில்லை.

அடித்தேன்.

அவள் வரியின் நடுவிலேயே பேனாவை மூடினாள். தாளை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

மாஸ்டர் ஒரு முறை திருத்தினார். திரும்பவும் திருத்தினார். எண்பத்திரண்டாவது கணக்கில் சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது.

"அறுபத்தாறு," என்றார்.

சொர்ணலட்சுமிதான் முதலில் பேசினாள்.

"அறுபத்தாறா சார்? போன வாரத்தவிட மூணு கூட." ஒரு நிமிஷம் அவள் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "வாங்கப்பா, மணி நாலே கால் ஆச்சு. ஆபீசு மூடிருவாங்க."

---

பயிற்சிக் கல்லூரிக்கு நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜட்கா பிடித்துக் கொடுத்தேன், வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது குமாஸ்தா சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி, எண்ணிப் பார்த்து, நூலால் கட்டி, இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு சொர்ணலட்சுமி வெளியே வந்தாள்.

"ஏத்துக்கிட்டாகளா?" என்றார் ரங்கசாமி.

"ஏத்துக்கிட்டாங்கப்பா. வார திங்கக்கெழமையிலருந்து வகுப்பு."

"நல்ல படிப்புத்தான். நம்ம ஊருப் புள்ளைகளுக்கே கணக்குச் சொல்லிக் குடுக்கலாம்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் நடந்தார்.

பத்தடி போனவர் நின்றார். மகள் காதில் விழாத தூரம் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, என்னிடம் திரும்பி வந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேக்கக் கூடாதுதான் தம்பி. எனக்கே தெரியிது, கேக்கக் கூடாது." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் பத்து நிமிசம் கழிச்சு அடிச்சிருக்கக் கூடாதா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் தப்பாக அடித்ததற்கு அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றேன், அன்றைக்குச் சரியாக அடித்ததற்காக.